குப்புறப் போட்டும் சாச்சுரேஷன் ஏறவில்லை: மல்லாக்கத் திருப்பிவிடலாமா?

கேள்வி இது: வென்டிலேட்டரில் (செயற்கை மூச்சுக் கருவி) இருக்கும் ஏஆர்டிஎஸ் (நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும் கடும் நோய்) நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து ஆறு மணி நேரமாகிறது. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 90, 91 சதவீதத்திலேயே நிற்கிறது. பலனில்லை என்று மல்லாக்கத் திருப்பிவிடலாமா? கூடவே, இதை அதிகம் செய்து பழகாத ஐசியூ ஒன்றுக்கு முழு முறையையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

திருப்ப வேண்டாம். ரத்த அழுத்தம் நிலையாக இருந்து, மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூப் இடம் மாறாமல் இருந்தால் 16 மணி நேரம் முடியும்வரை அப்படியே விடுங்கள். முதலில், 90 என்பது மோசமான எண்ணே இல்லை. ஏஆர்டிஎஸ்-க்கு வழக்கமாக வைக்கும் இலக்கு 88 முதல் 95 சதவீதம். ஏபிஜி-யில், அதாவது தமனி ரத்தப் பரிசோதனையில், ஆக்சிஜன் அழுத்தம் 55 முதல் 80. உங்கள் நோயாளி இலக்குக்குள்தான் இருக்கிறார். இன்னொன்று இதைவிட முக்கியம். மிச்சமிருக்கும் நல்ல நுரையீரலை வென்டிலேட்டரே கெடுத்துவிடாமல் காக்கத்தான் குப்புறப் போடுகிறோம். சாச்சுரேஷன் ஏறினால் அது கொசுறு. காப்பு நடக்கிறதா என்பதை மானிட்டரில் ஓடும் எண் காட்டாது.

ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும். 1967-ல் அமெரிக்காவின் டென்வர் மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோது கையில் இருந்தது எக்ஸ்ரே மட்டும். அதில் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரியும். நுரையீரல் முழுவதும் ஒரேமாதிரி கெட்டுவிட்டது என்றுதான் பல ஆண்டுகள் நினைத்தார்கள். 1980-களில் இத்தாலியில் லூசியானோ கட்டினோனியும் உடன் பணியாற்றியவர்களும் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது வேறு படம் கிடைத்தது. மல்லாந்து கிடப்பவரின் நுரையீரலில் முதுகுப் பக்கம் மூடிக் கிடக்கிறது; நெஞ்சுப் பக்கம் ஓரளவு காற்றோட்டமாக இருக்கிறது. உண்மையில் காற்று போய்வரும் பகுதி ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான். வளர்ந்த ஆளுக்கான காற்றை அந்தச் சின்ன நுரையீரலுக்குள் அடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதுகுப் பக்கம் ஏன் மூடுகிறது? நீர் கோத்த நுரையீரல் ஊறிய பஞ்சைப் போன்றது. மேல் அடுக்கின் எடை கீழ் அடுக்கை நசுக்குகிறது. இதயமும் அதன் பங்குக்கு இடது கீழ்மடல்மேல் உட்கார்ந்திருக்கிறது. மயக்கத்திலும் தசைத்தளர்வு மருந்திலும் உதரவிதானம் தொய்ந்துவிட, வயிற்று உறுப்புகள் பின்பக்கத்தை மேலே தள்ளுகின்றன.

குப்புறத் திருப்பினால் இதே எடை முன்பக்கத்தை நசுக்காதா? நசுக்கும். ஆனால் கணக்கு சமமாக இல்லை. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது, முன்பக்கம் குறைவு. ஆகவே திறப்பது அதிகம், மூடுவது கொஞ்சம். குப்புறக் கிடக்கையில் இதயம் நெஞ்செலும்பின்மேல் சாய்ந்துகொள்கிறது. நுரையீரலுக்கு அந்தச் சுமை நீங்குகிறது. நெஞ்சுக்கூட்டின் வளையக்கூடிய முன்சுவர் மெத்தையில் அழுந்திவிடுவதால் காற்று பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் போகிறது. ரத்த ஓட்டமோ எப்படிப் படுத்தாலும் பெரும்பாலும் முதுகுப் பக்கத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது. ரத்தம் போகும் இடத்துக்குக் காற்றும் போவதால்தான் பலருக்கு ஆக்சிஜன் ஏறுகிறது.

ஆனால் உயிரைக் காப்பது அந்த ஏற்றம் அல்ல. மூடிய காற்றறைக்குப் பக்கத்தில் இருக்கும் திறந்த காற்றறை ஒவ்வொரு மூச்சிலும் அளவுக்கு மீறி இழுபடுகிறது. திறந்து மூடும் விளிம்பில் இருப்பவை ஒவ்வொரு மூச்சிலும் உரசிப் புண்ணாகின்றன. குப்புறப் படுக்கையில் நுரையீரல் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரேமாதிரி விரிவதால் இந்த இழுவிசை பரவிவிடுகிறது. வலது இதயத்தின் சுமையும் குறைகிறது.

இதற்கு ஆய்வுகளின் வரலாறே சாட்சி. 1976-ல் ஐந்து நோயாளிகளில் ஆக்சிஜன் ஏறியதாக முதல் கட்டுரை வந்தது. 2001-ல் இத்தாலிய ஆய்வு, 304 பேர், நாளுக்கு சுமார் ஏழு மணி நேரம்: ஆக்சிஜன் ஏறியது, இறப்பு குறையவில்லை. 2004-ல் பிரெஞ்சு ஆய்வு, 791 பேர், எட்டு மணி நேரம்: அதே கதை. நேரம் போதவில்லை, லேசான நோயாளிகளும் கலந்திருந்தார்கள், வென்டிலேட்டர் அளவும் இன்றைய கட்டுப்பாட்டில் இல்லை. 2013-ல் வந்த ப்ரொசேவா ஆய்வு இந்த மூன்றையும் சரிசெய்தது. பிரான்சின் 26 ஐசியூக்களும் ஸ்பெயினின் ஒன்றும் சேர்ந்து 466 கடுமையான நோயாளிகளை எடுத்துக்கொண்டு, விடாமல் 16 மணி நேரமாவது குப்புற வைத்தன. 28 நாளில் இறப்பு மல்லாந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புறக் கிடந்தவர்களில் 16. ஐசியூ சிகிச்சைகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டியவை அபூர்வம். இதே தரவை 2014-ல் மறுபடி அலசினார்கள். குப்புறப் போட்டவுடன் ஆக்சிஜன் ஏறியதா இல்லையா என்பதை வைத்து யார் பிழைப்பார் என்று சொல்ல முடியவில்லை. உங்கள் கேள்விக்கு நேரான விடை இதுதான். ஆறாவது மணியில் திருப்பிவிட்டால் 2001-ன் தோற்ற சிகிச்சைக்குத் திரும்பிப் போகிறீர்கள்.

இனி யாருக்குச் செய்வது. ஏபிஜி-யில் வரும் ஆக்சிஜன் அழுத்தத்தை எஃப்ஐஓ2-ஆல் (உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) வகுத்தால் பி/எஃப் விகிதம். உதாரணமாக அழுத்தம் 84, எஃப்ஐஓ2 0.7 என்றால் விகிதம் 120. எஃப்ஐஓ2 0.6 அல்லது அதற்கு மேல், பீப் (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம்) 5 அல்லது அதற்கு மேல் இருந்தும் விகிதம் 150-க்குக் கீழே என்றால் குப்புறப் போட வேண்டிய நோயாளி. ஆனால் டியூப் போட்டவுடன் எடுத்த முதல் ஏபிஜி-யை வைத்து ஓடக்கூடாது. வென்டிலேட்டரைச் சரியாக அமைத்து 12 முதல் 24 மணி நேரம் பார்த்தும் விகிதம் அப்படியே இருந்தால் செய்யலாம். ப்ரொசேவாவில் டியூப் போட்டு 36 மணி நேரத்துக்குள் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். ஐந்தாறு நாள் எல்லாம் முயன்று பார்த்துவிட்டுக் கடைசி ஆயுதமாகக் குப்புறப் போடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அதற்குள் நுரையீரல் இறுகியிருக்கும், பலனும் குறைவு. 50 நாடுகளில் எடுத்து 2016-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், கடுமையான ஏஆர்டிஎஸ் உள்ளவர்களிலேயே 16.3 சதவீதம் பேருக்குத்தான் இதைச் செய்திருந்தார்கள். இத்தனைக்கும் விலையுயர்ந்த கட்டிலோ கருவியோ எதுவும் வேண்டாத சிகிச்சை இது.

வென்டிலேட்டரைச் சரியாக அமைப்பது என்றால் டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் அடிக்கும் காற்று) கிலோவுக்கு 6 மி.லி. எந்தக் கிலோ என்பதில்தான் பிழை வரும். தராசு காட்டும் எடை அல்ல. உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. ஆணுக்கு, உயரம் சென்டிமீட்டரில் எடுத்து 152.4-ஐக் கழித்து 0.91-ஆல் பெருக்கி 50-ஐக் கூட்ட வேண்டும். பெண்ணுக்கு 50-க்குப் பதில் 45.5. 165 செ.மீ. ஆணுக்கு ஏறக்குறைய 61.5 கிலோ வரும்; டைடல் வால்யூம் 370 மி.லி. அவர் 95 கிலோ இருந்தாலும் இதே 370-தான். உடல் பருத்தால் நுரையீரல் பெரிதாவதில்லை. பிளாட்டோ அழுத்தம் (காற்று உள்ளே போய் நின்றதும் இருக்கும் அழுத்தம்) 30-க்குக் கீழே, அதில் பீப்பைக் கழித்தால் வரும் டிரைவிங் பிரஷர் 15-க்குக் கீழே வையுங்கள். இதைச் செய்யாமல் குப்புறப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

யாருக்குக் கூடாது? நிலைபெறாத முதுகெலும்பு முறிவு, மூளை அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருப்பது, திறந்த வயிறு, கடந்த 15 நாளில் நெஞ்செலும்பையோ மூச்சுக்குழாயையோ முகத்தையோ அறுவை செய்தது, உடனடிச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ரத்த இருமல், சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே கிடப்பது, கால் சிரையில் ரத்தக்கட்டுக்குச் சிகிச்சை தொடங்கி இரண்டு நாள் ஆகாதது, பேஸ்மேக்கர் வைத்து இரண்டு நாள் ஆகாதது, இடுப்பெலும்பு முறிவு. முன்பக்கம் போட்ட ஒற்றை நெஞ்சுக் குழாயில் காற்றுக் கசிவு இருந்தாலும் யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகள் ப்ரொசேவா ஆய்வில் இல்லை. வயிற்றுக்கு இடம்விட்டுத் தலையணை அடுக்கி, மகப்பேறு மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். மறுபக்கம், தடை என்று பலர் நினைப்பவை தடையே இல்லை: உடல் பருமன், நிலையான அளவில் ஓடும் நாரட்ரினலின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து), டயாலிசிஸ், நெஞ்சுக் குழாய். டிராக்கியோஸ்டமி (கழுத்தில் துளையிட்டுப் போட்ட மூச்சு டியூப்) இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

குப்புறத் திருப்பும் வேலை பத்து நிமிடம். ஏற்பாடு அரை மணி நேரம் பிடிக்கும். ஏற்பாட்டைச் சுருக்கினால்தான் டியூப் கழன்று வரும். குறைந்தது ஐந்து பேர் வேண்டும், பருத்த உடலென்றால் ஏழு. தலைமாட்டில் நிற்பவர் டியூப் கழன்றால் அந்த இடத்திலேயே மறுபடி போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எண்ணிக்கை சொல்வதும் அவர்தான். வேறு யாரும் குரல் கொடுக்கக் கூடாது. லாரிங்கோஸ்கோப், அதே அளவிலும் அரை அளவு சின்னதுமாக இரண்டு டியூப், ஆம்பு பேக், சக்ஷன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஒரு மணி நேரம் முன்பே ரைல்ஸ் டியூப் ஃபீடை நிறுத்தி வயிற்றில் இருப்பதை உறிஞ்சி எடுங்கள். எக்ஸ்ரேயில் டியூப் நுனி மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே இருக்கிறதா பாருங்கள். உதட்டோரத்தில் எத்தனை செ.மீ. என்று எழுதிவையுங்கள். டியூபைச் சுற்றியுள்ள காற்றுப் பையான கஃப்பின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் இருக்கட்டும். வாயையும் டியூபையும் நன்றாக சக்ஷன் செய்யுங்கள். குப்புறப் போட்டதும் எச்சில் கொட்டும், அதில் பிளாஸ்டர் நனைந்து உரிந்துவிடும். அதனால் பிளாஸ்டரை மட்டும் நம்பாமல் நாடாவாலும் கட்டுங்கள், கன்னத்தில் நாடா படும் இடத்தில் மெத்தென்று ஏதாவது வைத்து. கெட்டியான பிளாஸ்டிக் டியூப் ஹோல்டரைக் கழற்றிவிடுங்கள், பதினாறு மணி நேரத்தில் அது கன்னத்தை அறுத்துவிடும். கண்ணில் ஆயின்ட்மென்ட் போட்டு இமையை மூடி ஒட்டுங்கள். நாக்கு பல்லுக்கிடையில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆழ்ந்த மயக்கம் முதலில், தசைத்தளர்வு மருந்து அதன்பிறகு. இந்த வரிசை மாறினால் மனிதர் விழித்துக்கொண்டே அசைய முடியாமல் கிடப்பார். ஆக்சிஜன் 100 சதவீதம்.

ஒயர்களுக்கும் குழாய்களுக்கும் ஒரு விதி: இடுப்புக்கு மேலே உள்ளவை தலைமாட்டுக்கு, கீழே உள்ளவை கால்மாட்டுக்கு. சிறுநீர்ப் பை கால்களுக்கு நடுவே. அவசியமில்லாத இன்ஃப்யூஷனைக் கொஞ்ச நேரம் கழற்றிவையுங்கள். நாரட்ரினலினைக் கழற்றாதீர்கள், நீட்டு லைன் போடுங்கள். நெஞ்சில் ஒட்டிய இசிஜி ஸ்டிக்கர்களை எடுத்துவிடுங்கள். அதன்மேல் படுத்தால் ஸ்டிக்கர் வடிவத்திலேயே புண் வரும். ஆர்ட்டீரியல் லைனும் (தமனியில் போட்டு பிபி அளக்கும் குழாய்) சாச்சுரேஷனும் கேப்னோகிராஃபும் (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது) கடைசிவரை ஓடட்டும்.

திருப்பும் முறை இப்படி. நோயாளிக்கு அடியில் சுத்தமான விரிப்பு ஒன்று இருக்கும். திருப்பும் பக்கத்துக் கையைப் பிட்டத்துக்கு அடியில் செருகுங்கள். நெஞ்சின் மேல் ஒரு தலையணை, இடுப்பெலும்பு உயரத்தில் ஒன்று, முழங்காலில் ஒன்று. இவற்றின் மேல் இரண்டாவது விரிப்பைக் கழுத்துக்குக் கீழிருந்து கால்வரை போர்த்தி, மேல் விரிப்பின் ஓரத்தையும் கீழ் விரிப்பின் ஓரத்தையும் சேர்த்து இரண்டு பக்கமும் உடலோடு ஒட்ட இறுக்கமாகச் சுருட்டுங்கள். சோமாஸின் மடிப்பைப் போல இருக்கும். சுருட்டல் தளர்ந்தால் பாதி வழியில் தலையணை நழுவிவிடும். எண்ணிக்கைக்கு எல்லாரும் சேர்ந்து நோயாளியை வென்டிலேட்டருக்கு எதிர்ப் பக்க ஓரத்துக்கு இழுங்கள். அடுத்த எண்ணிக்கைக்கு வென்டிலேட்டரைப் பார்த்தபடி ஒருக்களிக்க வையுங்கள். இங்கே நில்லுங்கள். டியூப் செ.மீ. அளவு, கேப்னோகிராஃப் அலை, லைன்கள் எல்லாவற்றையும் தலைமாட்டில் இருப்பவர் உரக்கச் சொன்ன பிறகு, பிடியை மாற்றிக்கொண்டு முழுதாகக் குப்புறக் கவிழுங்கள். முகம் வென்டிலேட்டர் பக்கம் திரும்பியிருக்கும். மேலே வந்துவிட்ட பழைய விரிப்பை எடுத்துவிட்டு இசிஜி லீடுகளை முதுகில் ஒட்டுங்கள்.

அவசரம் அடங்கியதும் செய்யவேண்டியது நிறைய. இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் கேளுங்கள். ஆர்ட்டீரியல் லைனின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரை இதய மட்டத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஜீரோ செய்யுங்கள். இதை மறந்துவிட்டுப் பொய்யான பிபி-க்கு நாரட்ரினலினை ஏற்றுவது வழக்கமாக நடக்கும் தவறு. கவிழ்த்த சில நிமிடங்களுக்கு உண்மையிலேயே அழுத்தம் சரியலாம், பெரும்பாலும் கூடுதலாகக் கொடுத்த மயக்க மருந்தால், பொறுத்துப் பாருங்கள். படுக்கையை மடிக்காமல் மொத்தமாகச் சாய்த்துத் தலைமாட்டை 10 முதல் 30 டிகிரி உயர்த்துங்கள். முகவீக்கமும் வாந்தி மேலேறுவதும் குறையும். ஃபீடை மெதுவான அளவில் மீண்டும் தொடங்கலாம். குப்புறக் கிடப்பதற்காகப் பட்டினி போடத் தேவையில்லை.

கைகளை நீச்சலடிப்பவர் போல வைக்க வேண்டும். முகம் பார்க்கும் பக்கத்துக் கை மேலே, தோள் 80 டிகிரிக்கு மிகாமல், முழங்கை 90 டிகிரி மடங்கி. மற்ற கை உடலோடு ஒட்டிக் கீழே. தோளை 90-க்கு மேல் விரித்துப் பல மணி நேரம் வைத்தால் கைக்குப் போகும் நரம்புக்கட்டு இழுபடும். நுரையீரல் குணமாகிக் கண்விழிக்கும் மனிதருக்குக் கை தூக்க முடியாமல் போவது இந்தக் கவனக்குறைவால்தான். இரண்டு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை முகத்தையும் கையையும் பக்கம் மாற்றுங்கள். அதற்கும் மூன்று பேர் வேண்டும், ஒருவர் டியூபை மட்டும் பிடித்துக்கொள்ள. தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்தால் டியூப் இரண்டு செ.மீ. வரை உள்ளே இறங்கும், தலை நிமிர்ந்தால் அதே அளவு மேலே வரும். ஒவ்வொரு முறை தலையை மாற்றியதும் உதட்டோர அளவைப் பாருங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நெற்றி, கன்னத்தெலும்பு, தாடை, காது மடல், மார்பு, இடுப்பெலும்பு, முழங்கால், கால் விரல், ஆண்களுக்கு விரை எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள், கையால் தடவிப் பாருங்கள். கீழ்க்கண் எதன்மீதும் அழுந்தக் கூடாது. காது மடங்கியிருக்கக் கூடாது. கணுக்காலுக்குச் சற்று மேலே, காலுக்கு அடியில் தலையணை வைத்தால் விரல்கள் தொங்கலாக இருக்கும். முகப்புண்தான் இந்தச் சிகிச்சையின் மிகப் பரவலான கெடுதல். முழுதாகத் தவிர்க்க முடியாது, குறைக்க முடியும். முகம் வீங்கி அடையாளமே மாறிப்போகும் என்பதையும், மல்லாக்கத் திருப்பினால் வற்றிவிடும் என்பதையும் உறவினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பார்க்க வருகிறவர்கள் பதறிப்போவார்கள்.

ஆறாவது மணியில் சாச்சுரேஷன் ஏறாதபோது, கைவிடுவதற்கு முன் பார்க்கவேண்டியது இந்த வரிசையில். டியூப் வலது பக்கம் இறங்கிவிட்டதா? டியூபிலோ ஃபில்டரிலோ சளி அடைத்திருக்கிறதா? முதுகுப் பக்கத்தில் தேங்கியிருந்த சளி இப்போது வடிந்து வரும். பீக் பிரஷர் (மூச்சின் உச்ச அழுத்தம்) ஏறிப் பிளாட்டோ அப்படியே இருந்தால் அடைப்புதான். இரண்டும் சேர்ந்து ஏறினால், ஒற்றைப் பக்கம் மூச்சுச் சத்தம் குறைந்தால், நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிவை நினையுங்கள். தசைத்தளர்வு மருந்து குறைந்து நோயாளி வென்டிலேட்டரோடு சண்டை போடுகிறாரா? வயிறு மெத்தையில் அழுந்தி உதரவிதானத்தைத் தள்ளுகிறதா? நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை இருந்து வயிறு கொஞ்சம் தொங்கலாக இருந்தால் நல்லது. இவை எல்லாம் சரி என்றால் ஏபிஜி-யில் கார்பன் டை ஆக்சைடைப் பாருங்கள். அதே மினிட் வென்டிலேஷனில் (நிமிடத்துக்கு அடிக்கும் மொத்தக் காற்று) அது இறங்கியிருந்தால் மூடிக் கிடந்த பகுதி திறந்திருக்கிறது என்று பொருள். சாச்சுரேஷனைவிட நம்பத்தக்க நல்ல அறிகுறி இதுதான். கவிழ்த்தவுடன் பிளாட்டோ ஓரிரண்டு புள்ளி ஏறுவது நெஞ்சுச்சுவர் அழுந்துவதால். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எப்போது பாதியில் திருப்ப வேண்டும்? டியூப் கழன்றால், அடைப்பு நீங்காவிட்டால், ரத்த இருமல் வந்தால், எஃப்ஐஓ2 1.0-ல் சாச்சுரேஷன் 85-க்குக் கீழே ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால், ரத்த அழுத்தமோ இதயத் துடிப்போ ஆபத்தான அளவுக்குச் சரிந்தால். இதயம் நின்றால் திருப்ப ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். டியூப் இருக்கிறது, குப்புறக் கிடந்தபடியே முதுகை அழுத்தத் தொடங்குங்கள். தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைகளை இணைக்கும் கோட்டில் தொடங்கி அதற்குச் சற்றுக் கீழ்வரை, அதாவது ஏழாவது முதல் பத்தாவது மார்பு முள்ளெலும்புவரை, இரு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒருவர் நெஞ்செலும்புக்கு அடியில் முஷ்டியோ கெட்டியான எதையாவதோ கொடுத்தால் அழுத்தம் வீணாகாது. ஆர்ட்டீரியல் லைன் அலை எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள். டிஃபிப்ரிலேட்டர் பேடை இரண்டு அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் ஒட்டலாம்.

16 மணி நேரம் முடிந்ததும் அதே ஆட்களோடு, அதே ஏற்பாடுகளோடு மல்லாக்கத் திருப்புங்கள். இரவு ஷிப்டில் ஆள் குறைவு என்றால் மாலையில் கவிழ்த்து மறுநாள் காலை திருப்புவது போலத் திட்டமிடுவது வசதி. மல்லாந்து நான்கு மணி நேரம் கழித்து ஏபிஜி எடுங்கள். பீப் 10-க்கு மிகாமலும் எஃப்ஐஓ2 0.6-க்கு மிகாமலும் இருக்கையில் பி/எஃப் 150-ஐத் தொட்டால் இனிக் குப்புறப் போட வேண்டியதில்லை. தொடாவிட்டால் மறுபடி கவிழுங்கள். ப்ரொசேவாவில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக நான்கு முறை செய்தார்கள். ஒரே முறையில் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மற்ற படுக்கை நிலைகளைப் பற்றிச் சுருக்கமாக. மல்லாந்திருக்கும் நேரத்தில் தலைமாடு 30 முதல் 45 டிகிரி. 1999-ல் பார்சிலோனாவில் 86 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தட்டையாகக் கிடந்தவர்களில் 23 சதவீதத்துக்கும் சாய்ந்திருந்தவர்களில் 5 சதவீதத்துக்கும் கிருமி உறுதியான நிமோனியா வந்தது. பெரிய வயிறு உள்ளவரை இடுப்பில் மடித்து உட்கார வைத்தால் வயிறு மேலே தள்ளி நிலைமை கெடும். அவர்களுக்குக் கட்டிலை மொத்தமாகச் சாய்ப்பதே மேல். ஒரு பக்க நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களிக்க வையுங்கள். ரத்தம் கீழே இறங்கும், அங்கே காற்றும் இருக்கும். விதிவிலக்கு, ரத்தம் கசியும் நுரையீரலும் சீழ்க்கட்டி உள்ள நுரையீரலும். அந்தப் பக்கம் மேலே இருந்தால் அது நல்ல பக்கத்துக்குள் வடியும். ஆகவே கெட்ட பக்கம் கீழே. கைக்குழந்தைகளுக்கு விதியே தலைகீழ், நல்ல பக்கம் மேலே.

விழித்திருப்பவரைக் குப்புறப் படுக்கச் சொல்வது வேறு விஷயம், இதோடு குழப்பக் கூடாது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலையின்போது மத்திய சுகாதார அமைச்சகம் படம் போட்டு வெளியிட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள்: கழுத்துக்கு அடியில் ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடைவரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே முன்காலுக்கு அடியில் இரண்டு, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. அதே ஆண்டு ஆறு நாடுகளில் 1,121 கோவிட் நோயாளிகளை வைத்து வெளிவந்த ஆய்வில், மூக்குவழி அதிவேக ஆக்சிஜனில் இருந்தவர்கள் விழித்தபடி குப்புறப் படுத்தபோது, டியூப் போட நேர்ந்தது அல்லது இறந்தது இரண்டும் சேர்த்து 46 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கியவர்களுக்குப் பலன் கூடுதல். இங்கே ஆபத்து, சாச்சுரேஷன் 95 என்று காட்டுவதை நம்பி உட்கார்ந்துவிடுவது. மூச்சு நிமிடத்துக்கு 35-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால், கழுத்துத் தசைகள் இழுத்துக்கொண்டிருந்தால், பேச்சு துண்டுதுண்டாக வந்தால், எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் டியூப் போடும் ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள்.